கம்பைலர் மாற்றமும் தள்ளிப்போடும் செலவும்

இயங்குதளம் மாறினால் கணினியைப் பயன்படுத்துபவருக்கு உடனே தெரிந்துவிடும். அந்த இயங்குதளத்தைக் கட்டித் தரும் கம்பைலர் மாறினால் யாருக்கும் தெரியாது; தெரியவே கூடாது என்பதுதான் மாற்றுகிறவர்களின் ஆசையும். ஆனாலும் திறந்த மூல இயங்குதளங்களை வளர்ப்பவர்களிடையே இதைப் போல நீண்ட, சலிப்பூட்டும், முக்கியமான வாக்குவாதங்கள் குறைவு. நெட்பிஎஸ்டி, ஃப்ரீபிஎஸ்டி, ஓபன்பிஎஸ்டி ஆகிய மூன்றும் பெர்க்லி யூனிக்ஸ் மரபில் வந்தவை. கெர்னல், சி லைப்ரரி, அன்றாடக் கட்டளைகள், இவற்றையெல்லாம் கட்டும் கம்பைலர் என எல்லாவற்றையும் ஒரே மூலநிரல் தொகுதியில் வைத்து வெளியிடுவது இவற்றின் வழக்கம். கம்பைலரை இவர்களே எழுதுவதில்லை. குனூ திட்டத்தின் ஜிசிசியையோ, பிற்காலத்தில் வந்த எல்எல்விஎம் குடும்பத்துக் கிளாங்கையோ வெளியிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். அங்கே புதிய பதிப்பு வரும்போதெல்லாம் இங்கே ஒரு கேள்வி எழுகிறது: இப்போதே எடுத்துக்கொள்வதா, இன்னும் கொஞ்ச காலம் பழையதோடு ஓட்டுவதா? தள்ளிப்போடுவதால் இந்த வேலையின் செலவு குறைவதில்லை, அது இடம் மட்டுமே மாறுகிறது, பெரும்பாலும் ஆள்பலம் மிகக் குறைந்தவர்கள் தலையில் போய் இறங்குகிறது என்பது என் வாதம். கடந்த இருபது ஆண்டு வரலாறு அதற்குப் போதிய சான்று தருகிறது.

முதலில் இந்த வேலை ஏன் இவ்வளவு கடினம் என்று பார்க்க வேண்டும். கம்பைலருக்கு முன்பக்கம், பின்பக்கம் என இரண்டு உண்டு. சி மொழியைப் படித்துப் புரிந்துகொள்ளும் முன்பக்கம் எல்லா இயந்திரங்களுக்கும் பொது. குறிப்பிட்ட புராசஸருக்கான கட்டளைகளை எழுதித் தரும் பின்பக்கம் ஒவ்வொரு கட்டமைப்புக்கும் தனி. இன்டெல், ஏஎம்டி வகைக் கணினியில் மட்டும் ஓடும் இயங்குதளத்துக்குக் கம்பைலரைப் புதுப்பிப்பது ஒரே ஒரு மாற்றம். நெட்பிஎஸ்டி போல பழைய வாக்ஸ், மோட்டரோலா 68000 வரிசை, ஸ்பார்க், பவர்பிசி, மிப்ஸ், ஆர்ம் என்று பரந்து கிடக்கும் இயங்குதளத்துக்கு அதே வேலை, பெயருக்கு ஒன்றாக இருந்தாலும், பத்துப் பன்னிரண்டு கம்பைலர்களை ஒரே நேரத்தில் மாற்றுவதாகும். இன்டெல் பின்பக்கத்தில் பிழை இருந்தால் உலகில் ஆயிரக்கணக்கானோர் அன்றே கண்டுபிடித்துவிடுவார்கள். வாக்ஸ் பின்பக்கத்தில் பிழை இருந்தால் அதைக் காண்பதற்கு ஓடும் நிலையில் ஒரு வாக்ஸும், அதைக் கட்டி முடிக்கும்வரை நாள்கணக்கில் காத்திருக்கப் பொறுமையும் உள்ள ஒருவர் வேண்டும். அவரும் வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் செய்பவராகவே இருப்பார். ஆகவே கம்பைலர் மாற்றத்தின் வேகத்தை முடிவு செய்வது வேகமான இயந்திரம் இல்லை; ஆளில்லாத இயந்திரம்தான்.

தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2007 ஒரு நல்ல தொடக்கப் புள்ளி. அந்த ஆண்டு ஜூன் இறுதியில் குனூ பொது உரிமத்தின் மூன்றாம் பதிப்பு வெளியானது. ஜூலையில் வந்த ஜிசிசி 4.2.1 பழைய உரிமத்தின் கீழ் வந்த கடைசிப் பதிப்பு. அதற்குப் பின் வந்தவை எல்லாம் புதிய உரிமத்தின் கீழ். பிஎஸ்டி உலகில் உரிமம் பற்றிய கூர்மையான கருத்துகள் எப்போதும் உண்டு. தங்கள் நிரலை யாரும் எடுத்து எதற்கும் பயன்படுத்தலாம் என்பது அவர்கள் கொள்கை. புதிய உரிமம் வன்பொருள் பூட்டு, காப்புரிமை ஆகியவற்றில் விதிக்கும் கடமைகளைத் தங்கள் மூலத்தொகுதிக்குள் கொண்டுவர ஃப்ரீபிஎஸ்டியும் ஓபன்பிஎஸ்டியும் விரும்பவில்லை. இரண்டும் 4.2.1இலேயே நின்றன. ஓபன்பிஎஸ்டி சில பழைய இயந்திரங்களுக்கு அதற்கும் முந்தைய 3.3 வரிசையை வைத்துக்கொண்டது. நெட்பிஎஸ்டி வேறு வழி எடுத்தது. வெளியிலிருந்து வரும் நிரல்களை உரிமவாரியாகத் தனித்தனி அடைவுகளில் பிரித்து வைத்து, புதிய ஜிசிசியை அந்த உரிமத்துக்கான அடைவில் போட்டு, தொடர்ந்து முன்னே சென்றது. ஒரே சிக்கலுக்கு மூன்று உறவுக்கார இயங்குதளங்கள் இரண்டு வகை விடை சொன்னதால், ஒப்பிட்டுப் பார்க்க நமக்கு அபூர்வமான வாய்ப்புக் கிடைக்கிறது.

நின்றவர்கள் கொடுத்த விலை மெல்ல மெல்லத் தெரிந்தது. 2011இல் சி, சி++ இரண்டுக்கும் புதிய தரங்கள் வந்தன, 4.2.1க்கு அவை புரியாது. ஃப்ரீபிஎஸ்டி கிளாங் பக்கம் திரும்பி, 2014 ஜனவரியில் வெளியிட்ட 10.0 பதிப்பில் இன்டெல் வகை இயந்திரங்களுக்கு அதையே இயல்பான கம்பைலராக வைத்தது. ஓபன்பிஎஸ்டி அதே மாற்றத்தை 2017 அக்டோபரின் 6.2 பதிப்பில் செய்தது. ஆனால் கிளாங்கில் நல்ல பின்பக்கம் இல்லாத கட்டமைப்புகள் பழைய ஜிசிசியோடு பின்தங்கின. ஃப்ரீபிஎஸ்டியில் அவற்றின் கதை எப்படி முடிந்தது என்பது கவனிக்க வேண்டியது. 2020 பிப்ரவரியில் 4.2.1 மூலத்தொகுதியிலிருந்து நீக்கப்பட்டது. அதையே நம்பியிருந்த ஸ்பார்க்64 ஆதரவும் அதே காலத்தில் போனது. பதின்மூன்று ஆண்டுக் காலம் ஒரு கம்பைலரை மாற்றாமல் வைத்திருந்ததன் பில், கடைசியில் ஸ்பார்க் வைத்திருந்த சிலரிடம் போய்ச் சேர்ந்தது. இன்டெல் கணினி வைத்திருந்தவர்களுக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது.

எதிர்த்திசையிலும் இதே நடந்தது. பழைய கம்பைலர் பழைய இயந்திரங்களைத்தான் கைவிடும் என்று நினைக்கக் கூடாது. புதியவற்றுக்கும் அது வாசலை அடைத்துவிடும். பெர்க்லியில் 2010இல் தொடங்கிய ரிஸ்க்-வி கட்டமைப்புக்கு ஜிசிசியில் அதிகாரபூர்வ ஆதரவு வந்தது 2017இன் ஏழாம் பதிப்பில். ஃப்ரீபிஎஸ்டி அதற்கு முன்பே, 2016இன் 11.0 பதிப்பிலேயே, ரிஸ்க்-வியில் ஓடத் தொடங்கியிருந்தது. ஆனால் கூடவே வந்த கம்பைலரால் அதைக் கட்ட முடியாது. வெளியிலிருந்து தனியாக ஒரு ஜிசிசியைக் கொண்டுவந்தே கட்ட வேண்டியிருந்தது. 2018 ஜனவரியில் ஸ்பெக்டர் என்ற புராசஸர் குறைபாடு உலகுக்குத் தெரியவந்தபோது, அதற்கான முக்கியத் தற்காப்புகளில் ஒன்று கம்பைலரில்தான் செய்யப்பட வேண்டியிருந்தது: மறைமுகத் தாவல் கட்டளைகளை வேறு விதமாக எழுதித் தரும் ரெட்போலின் என்ற உத்தி. அதே மாதக் கடைசியில் வந்த ஜிசிசி 7.3 அதைக் கொண்டிருந்தது. பத்தாண்டுக்கு முந்தைய கம்பைலரை வைத்திருப்பவர், அந்த உத்தியைத் தாமே பின்னோக்கிக் கொண்டுபோய் ஒட்ட வேண்டும், அதைத் தாமே சோதிக்க வேண்டும். நினைவகப் பிழைகளைக் காட்டிக் கொடுக்கும் சானிடைசர் கருவிகளும் அப்படியே. நெட்பிஎஸ்டி தன் கெர்னலுக்குள் 2018இல் அவற்றைக் கொண்டுவர முடிந்ததற்கு, அதன் கம்பைலர் அந்த வசதி உள்ள பதிப்பை எட்டியிருந்தது ஒரு முன்தேவை.

ஓடிக்கொண்டிருப்பதை ஏன் நோண்ட வேண்டும் என்பது முதல் மறுப்பு. இதற்குப் பதிலைத் தேட பெர்க்லிவரை போக வேண்டாம். தமிழ்நாட்டுப் பள்ளி, கல்லூரி ஆய்வகங்கள் பலவற்றில் டர்போ சி++ என்ற கம்பைலர் எத்தனை ஆண்டுகள் ஆட்சி செய்தது என்பது கணினி படித்த எவருக்கும் தெரியும். போர்லண்ட் நிறுவனம் 1990களின் தொடக்கத்தில் டாஸ் காலத்துக்காக வெளியிட்ட கருவி அது. சி++ மொழிக்கு முதல் சர்வதேசத் தரம் வந்ததே 1998இல்தான். முழுஎண்ணுக்குப் பதினாறு பிட், நீலத் திரை, தரத்தில் இல்லாத தலைப்புக் கோப்புகள், எதையும் திருப்பித் தராத முதன்மைச் சார்பு ஆகியவற்றையே மொழி என்று நம்பி ஒரு தலைமுறை தேர்வு எழுதியது. விண்டோஸ் 64 பிட்டுக்கு மாறி டாஸ் நிரல்கள் நேரடியாக ஓடாமல் போன பிறகும், டாஸ்பாக்ஸ் என்ற போலி டாஸுக்குள் வைத்து அதை ஓட்டினார்கள். அது நன்றாகத்தான் ஓடியது. அந்த மாணவர்கள் முதல்முறை ஜிசிசி முன்னால் உட்கார்ந்தபோதுதான் செலவு தெரிந்தது. படித்த முதல் நிரலே பிழை காட்டியது. 2008இல் வந்த ஜிசிசி 4.3, தரத்துக்கு முந்தைய அந்தத் தலைப்புக் கோப்புகளை முழுதாக எடுத்தும் விட்டது. தமிழ்நாடு அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸோடு சேர்த்து, ஒன்றிய அரசின் சிடாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் வந்தது. அதன் வழியே இலவசமாகக் கிடைக்கும் ஜிசிசி, தேனி மாவட்டத்துக் கூடலூரிலும் கம்பத்திலும் படித்த பிள்ளைகளின் கையெட்டும் தூரத்தில் இருந்தது. பாடம் பழைய கம்பைலரிலேயே இருந்தால் கையில் இருப்பதைத் திறந்து பார்க்க யாருக்குத் தோன்றும்? லோயர் கேம்பிலிருந்து மலைப்பாதையில் ஏறி குமுளியைத் தொட்டால், அந்தப் பக்கத்துக் கேரளப் பள்ளிகளில் 2000களிலிருந்தே கட்டற்ற மென்பொருள் பாடத்தோடு சேர்ந்து நடக்கிறது. மலையின் இரு பக்கத்துப் பிள்ளைகளுக்கும் இருந்த வேறுபாடு அறிவில் இல்லை, கருவியைப் புதுப்பிக்க யாராவது பொறுப்பு ஏற்றார்களா என்பதில்தான்.

இரண்டாம் மறுப்பு இன்னும் கனமானது: புதிய கம்பைலர் நன்றாக ஓடிய நிரலை உடைக்கிறது. உண்மைதான், உடைக்கிறது. 2008 மார்ச்சில் வந்த ஜிசிசி 4.3 ஒரு சிறிய சிக்கனம் செய்தது. இன்டெல் வகைப் புராசஸரில் நினைவகத்தை முன்னிருந்து பின்னாக நகலெடுப்பதா, பின்னிருந்து முன்னாக நகலெடுப்பதா என்று சொல்லும் ஒரு கொடி உண்டு. எந்தச் சார்பும் தொடங்கும்போது அந்தக் கொடி இறக்கியிருக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். பழைய ஜிசிசி ஒப்பந்தத்தை நம்பாமல் ஒவ்வொரு முறையும் தானே கொடியை இறக்கிவிட்டு நகலெடுத்தது. புதியது ஒப்பந்தத்தை நம்பி அந்தக் கட்டளையை விட்டுவிட்டது. அப்போதுதான் தெரிந்தது, லினக்ஸ் கெர்னலும் பிஎஸ்டி கெர்னல்களும் சிக்னல் கையாளும் சார்புகளை அழைக்கும்போது கொடியை இறக்காமலேயே பல்லாண்டுகளாக அழைத்து வந்திருக்கின்றன என்பது. கம்பைலர் தவறு செய்யவில்லை. அதன் முன்னெச்சரிக்கை மறைத்து வைத்திருந்த தவறு வெளியே வந்தது. அடுத்த ஆண்டே லினக்ஸ் கெர்னலின் டன் என்ற வலைப்பின்னல் பகுதியில் இன்னொன்று. ஒரு சுட்டியை முதலில் பயன்படுத்திவிட்டு, அடுத்த வரியில் அது வெறுமையா என்று சோதித்திருந்தார்கள். பயன்படுத்தியாயிற்று, ஆகவே அது வெறுமையாக இருக்க முடியாது என்று முடிவுகட்டிய ஜிசிசி, சோதனை வரியைத் தேவையற்றதென நீக்கிவிட்டது. அந்த இடைவெளியில் நுழைந்து முழு அதிகாரத்தையும் பிடிக்கலாம் என்று 2009 ஜூலையில் செய்து காட்டப்பட்டது. அதன் பிறகு அந்தச் சிக்கனத்தை நிறுத்தும் தெரிவோடுதான் லினக்ஸ் கெர்னல் கட்டப்படுகிறது.

இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனமில்லை. முதலாவதில் எழுதி வைத்த ஒப்பந்தம் இருந்தது, கெர்னல் மீறியது. இரண்டாவதில் மொழித் தரம் எதுவும் சொல்லாமல் விட்ட இடத்தைக் கம்பைலர் தன் வசதிக்கு எடுத்துக்கொண்டது. நிரல் எழுதியவர் செய்தது பிழை என்றாலும், அவர் எழுதிய பாதுகாப்புச் சோதனையைச் சத்தமில்லாமல் தூக்கிப் போட்டது நல்ல நடத்தை என்று சொல்ல முடியாது. கம்பைலர் எழுதுபவர்களில் ஒரு சாரார், தரத்தில் இல்லாதது எதையும் தாங்கள் காக்கக் கடமைப்பட்டவர்கள் இல்லை என்று பேசுவதுண்டு. சட்டப்படி சரி. நாற்பது ஆண்டுக் கால நிரலைச் சுமந்துகொண்டிருக்கும் இயங்குதளக்காரரின் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தக் கோபம் புதுப்பிக்காமல் இருப்பதற்குக் காரணம் ஆகாது. காலங்கடந்து ஒரே தாவலில் நான்கைந்து பதிப்புகளைத் தாண்டுபவருக்கு, எந்த உடைப்பு எந்தப் பதிப்பில் வந்தது என்று பிரித்துக் காண்பதே பெரும்பாடு. ஜிசிசி 10, 2020இல், ஒரே பெயரில் பல கோப்புகளில் அறிவிக்கப்படும் பொது மாறிகளை ஏற்க மறுத்தது. ஜிசிசி 14, 2024இல், அறிவிக்காமல் அழைக்கும் சார்புகளை எச்சரிக்கையோடு விடாமல் பிழையாகவே அறிவித்தது. ஜிசிசி 15, 2025இல், சி மொழியின் 2023ஆம் ஆண்டுத் தரத்தை இயல்பாக்கியது. ஒவ்வொன்றையும் அந்தந்த ஆண்டில் எதிர்கொண்டவருக்கு அது சில வார வேலை. மூன்றையும் சேர்த்து ஒரே நாளில் சந்திப்பவருக்குத் திரையில் ஓடும் பிழைகளில் எது எதனால் என்றே தெரியாது.

புதிய கம்பைலரிலேயே பிழை இருந்தால்? இருக்கும். 2014இல் ஜிசிசி 4.9.0 லினக்ஸ் கெர்னலின் பணி ஒதுக்கீட்டுப் பகுதியைத் தவறாக மொழிபெயர்த்ததும், லினஸ் டோர்வால்ட்ஸ் அதைக் கடுஞ்சொற்களால் வறுத்தெடுத்ததும் பலருக்கு நினைவிருக்கலாம். இந்த மறுப்புக்கான விடையை நெட்பிஎஸ்டி வாதம் செய்யாமல் நடைமுறையில் கொடுத்திருக்கிறது. 2018இல் வந்த அதன் எட்டாம் பதிப்பு எடுத்துக்கொண்டது ஜிசிசி 5.5, ஐந்தாம் வரிசையின் கடைசி வெளியீடு. 2024 மார்ச்சில் வந்த பத்தாம் பதிப்பு எடுத்துக்கொண்டது 10.5; அதுவும் அந்த வரிசையின் கடைசி. அப்போது ஜிசிசி 13 வெளியாகி ஏறக்குறைய ஓராண்டு ஆகியிருந்தது. முன்வரிசையில் முண்டியடிக்காமல், மற்றவர்கள் அடிபட்டுத் திருத்திய பிறகு கிடைக்கும் நிலைத்த வெளியீட்டை எடுப்பது. ஆனால் எடுக்காமல் விடுவதில்லை. புதிது வேண்டும் என்ற ஆசையும் பழையது போதும் என்ற சோம்பலும் இல்லாத இந்த நடுநடை எனக்குச் சரியாகப் படுகிறது. பத்தாம் பதிப்பு வருவதற்கு நான்காண்டு ஆனது கொஞ்சம் அதிகம் என்பது வேறு பேச்சு.

எப்படி மாற்றுவது என்பதே இந்த விவாதத்தில் மிகக் குறைவாகப் பேசப்படும் பகுதி. இதற்கு எடுத்துக்காட்டு லோயர் கேம்ப் பெரியாறு மின்நிலையத்திலேயே உண்டு. தேக்கடியிலிருந்து மலையைக் குடைந்து வரும் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் ராட்சதக் குழாய்களில் இறங்கி அங்கே நான்கு இயந்திரங்களைச் சுழற்றுகிறது. ஒவ்வொன்றும் 35 மெகாவாட், மொத்தம் 140 என்று தொடங்கிய நிலையம் அது. பின்னாளில் ஒவ்வொரு இயந்திரமும் 42 மெகாவாட்டாகத் தரம் உயர்த்தப்பட்டது, ஒன்றன்பின் ஒன்றாக. அதனால்தான் அந்த நிலையத்தின் திறன் 161 மெகாவாட் என்று இடைக்காலப் பதிவுகளில் காணப்படுகிறது: மூன்று இயந்திரம் 42, மிச்சம் ஒன்று 35. நான்கையும் ஒருசேர நிறுத்தும் பேச்சுக்கே இடமில்லை. அந்தத் தண்ணீரை நம்பிக் கீழே கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல் கிடக்கிறது. மின் உற்பத்தியே நின்றாலும் தண்ணீர் நிற்காமல் இரைச்சல் பாலம் வழியாகத் திறந்துவிட மாற்றுவழி இருக்கிறது. நெட்பிஎஸ்டியின் மூலத்தொகுதியில் ஜிசிசிக்கு இரண்டு அடைவுகள் இருப்பது இதே கணக்கு. ஒன்றில் புதிய பதிப்பு. பழையது என்று பெயரிட்ட மற்றதில் முந்தைய பதிப்பு. எந்தக் கட்டமைப்பு எந்தப் பதிப்பால் கட்டப்பட வேண்டும் என்பதை ஒரே ஒரு மாறி தீர்மானிக்கிறது. இன்டெல், ஆர்ம் போன்றவை முதலில் தாண்டும். யாராவது கட்டி, இயந்திரத்தில் ஏற்றி, சோதனைகளை ஓட்டிப் பார்த்த பிறகு மற்றவை ஒவ்வொன்றாகத் தாண்டும். தாண்டாதவை பழைய கம்பைலரோடு கட்டப்பட்டுக்கொண்டே இருக்கும். எல்லாம் கடந்த பிறகு பழைய அடைவு காலியாகி, அடுத்த சுற்றுக்குத் தயாராகும்.

இதற்கும் விலை உண்டு. ஜிசிசியின் மூலநிரல் சின்னதில்லை. இரண்டு படிகளைச் சுமப்பது பாரம். கெர்னல் எழுதுபவர் இரண்டு கம்பைலருக்கும் புரியும்படி எழுத வேண்டும்; புதிய எச்சரிக்கைகளுக்காகச் செய்யும் திருத்தம் பழையதில் உடையக் கூடாது. தற்காலிகம் என்று வைத்தது நிரந்தரமாகிவிடும் ஆபத்தும் இருக்கிறது. ஆகவே இந்த முறை கெடு இல்லாமல் வேலை செய்யாது. பழைய அடைவுக்கு ஒரு முடிவு தேதி இருந்தால்தான் பின்தங்கிய கட்டமைப்புக்கு யார் கை கொடுப்பது என்ற பேச்சே தொடங்கும். இந்த முறையைச் சாத்தியமாக்கியது இன்னொரு முடிவு என்பதையும் சொல்ல வேண்டும். 2002இல் வந்த 1.6 பதிப்பிலிருந்து நெட்பிஎஸ்டி, எந்த யூனிக்ஸ் வகைக் கணினியிலிருந்தும் எந்தக் கட்டமைப்புக்கும் முழு இயங்குதளத்தையும் கட்டித் தரும் ஒரே கட்டளையைக் கொண்டிருக்கிறது. தேவையான கம்பைலரை அதுவே முதலில் கட்டிக்கொள்ளும். மேசையில் இருக்கும் வேகமான கணினி, வாக்ஸுக்கான இயங்குதளத்தைச் சற்று நேரத்தில் கட்டிவிடும். ஓபன்பிஎஸ்டி இதற்கு நேர் எதிர். எந்த இயந்திரத்துக்கான இயங்குதளமோ அந்த இயந்திரத்திலேயே கட்டப்பட வேண்டும் என்பதில் பிடிவாதம். முழு இயங்குதளத்தையும் தன்னைத்தானே கட்டச் செய்வதைவிடக் கடுமையான சோதனை வேறில்லை என்பது அவர்கள் கட்சி. சோதனை என்ற வகையில் அது மறுக்க முடியாதது. ஆனால் கம்பைலர்கள் ஆண்டுக்கு ஆண்டு பருத்துக்கொண்டே போகும் காலத்தில், மெதுவான இயந்திரங்களை அந்தக் கொள்கை தானாகவே வெளியே தள்ளுகிறது. ஓபன்பிஎஸ்டி 2016இல் வாக்ஸை விட்டுவிட்டது.

விடட்டுமே, அருங்காட்சியகப் பொருளுக்காக ஏன் இத்தனை பாடு என்று கேட்பவர்கள் உண்டு. பதில் ஓரளவு தெரிந்ததுதான்: பைட் வரிசை, நினைவக ஒழுங்கு, எழுத்து வகைக்குக் குறி உண்டா இல்லையா என்பவற்றில் ஒன்றுக்கொன்று முரண்பட்ட இயந்திரங்களில் கட்டிப் பார்ப்பதால் இன்டெல்லில் ஒளிந்திருக்கும் பிழைகள் வெளிவருகின்றன. இதைவிட வலுவான காரணம் வேறு. ஜிசிசியின் உள்ளே நிபந்தனைக் குறிகளைக் கையாளும் மிகப் பழைய வழி ஒன்று இருந்தது. அதிலிருந்து மாறாத பின்பக்கங்கள் நீக்கப்படும் என்று 2019 வாக்கில் தெளிவாகச் சொல்லப்பட்டது. 68000 வரிசை, வாக்ஸ் இரண்டும் அந்தப் பட்டியலில் இருந்தன. 68000 ஆர்வலர்கள் பணம் திரட்டிப் பரிசு அறிவித்தார்கள். பெர்ண்ட் ஷ்மிட் அந்தப் பின்பக்கத்தை மாற்றி எழுதினார். வாக்ஸுக்கு மாச்சேய் ரோஸிட்ஸ்கி 2020இல் அதைச் செய்தார். 2021இல் பழைய வழி எடுக்கப்பட்டபோது இரண்டும் பிழைத்திருந்தன. கெடு வைத்ததால்தான் இது நடந்தது. இயங்குதளம் ஒன்று அந்தப் பின்பக்கங்களைத் தொடர்ந்து பயன்படுத்திக்கொண்டிருந்ததால்தான் கெடுவைப் பொருட்படுத்த ஆட்கள் இருந்தார்கள். பழைய கம்பைலரோடு உறைந்துபோன இயங்குதளத்துக்கு, மேலே நடக்கும் மாற்றம் காதிலேயே விழாது. விழும்போது ஐந்து பதிப்பு தாண்டியிருக்கும். கெடுவுக்குள் ஒருவரும் முன்வராத கட்டமைப்பை விட்டுவிடலாம் என்றே நானும் நினைக்கிறேன். யாருக்கும் சொல்லாமல் அது செத்துப்போக விடுவதைத்தான் எதிர்க்கிறேன்.

கம்பைலரை எதற்குக் கூடவே வைத்திருக்க வேண்டும், வேண்டியவர் வேண்டிய பதிப்பைத் தனியாக நிறுவிக்கொள்ளட்டுமே என்ற யோசனையும் இருக்கிறது. லினக்ஸ் விநியோகங்களில் நடப்பது ஏறக்குறைய அதுதான். டெபியனில் பல ஜிசிசி பதிப்புகள் பக்கத்தில் பக்கத்தில் கிடைக்கும். அங்கும் முழுத் தொகுப்பையும் கட்ட ஒரு பதிப்பை இயல்பானதாகத் தேர்ந்துதான் ஆக வேண்டும். ஆக, கேள்வி தீர்வதில்லை, பெயர் மாறுகிறது. கெர்னலையும் லைப்ரரியையும் கம்பைலரையும் ஒரே ஆட்கள், ஒரே நாளில், ஒரே மூலத்திலிருந்து கட்டிச் சோதித்தார்கள் என்ற உறுதி, ஆளுக்கொரு பதிப்பு வைத்திருக்கும் இடத்தில் கிடைக்காது. பிழை ஒன்று வந்தால் அது யாருடையது என்று தேடுவதிலேயே பாதி நாள் போய்விடும்.

இந்த வாதம் முழுவதும் இந்தியாவுக்கு வெளியே நடப்பதாகத் தோன்றலாம். அப்படி இல்லை, நாம் இப்போது அந்த ஆளில்லாத கட்டமைப்பின் இடத்தில் இருக்கிறோம். சென்னை ஐஐடியில் பேராசிரியர் காமகோடி தலைமையில் 2014 வாக்கில் உருப்பெற்ற சக்தி புராசஸர் ரிஸ்க்-வி அடிப்படையிலானது. 2018இல் அதன் ஒரு சில்லு இன்டெல் ஆலையில் 22 நானோமீட்டரிலும், இன்னொன்று சண்டிகரில் 180 நானோமீட்டரிலும் வார்க்கப்பட்டு, லினக்ஸ் ஓடியது. சிடாக் திருவனந்தபுரத்தில் வேகா புராசஸர்களை உருவாக்கியிருக்கிறது. 2022 ஏப்ரலில் ஒன்றிய அரசு ரிஸ்க்-வி புராசஸர்களுக்கென்று டிர்-வி என்ற திட்டத்தையே அறிவித்தது. ரிஸ்க்-வியைத் தேர்ந்ததால் இவர்களுக்குக் கிடைத்த மிகப் பெரிய வரவு, ஜிசிசியும் எல்எல்விஎம்மும். கம்பைலரைத் தாங்களே எழுத வேண்டியதில்லை. தனக்கென்று சொந்தக் கட்டளைத் தொகுதி வைத்திருக்கும் இஸ்ரோவின் விக்ரம் 3201 சில்லுக்கு ஏடா கம்பைலர், அசெம்ப்ளர், லிங்கர் எல்லாவற்றையும் இஸ்ரோவே செய்ய வேண்டியிருந்தது. 2025 மார்ச்சில் அது வெளியானபோது சி கம்பைலர் இன்னும் உருவாகிக்கொண்டிருந்தது. விண்வெளிக்கு அந்தத் தனிமை தேவைப்படலாம். பள்ளி மடிக்கணினிக்கும் மின்வாரிய மீட்டருக்கும் அது கட்டுப்படியாகாது.

ஆனால் பொதுக் கம்பைலரை நம்புவது என்றால் அதன் வேகத்தில் கூடவே நடக்க வேண்டும். ஒரு பதிப்பை எடுத்து, தன் சில்லுக்கான திருத்தங்களை அதில் ஒட்டி, அதையே பல்லாண்டு மாணவர்களுக்கும் நிறுவனங்களுக்கும் கொடுத்துக்கொண்டிருந்தால், ஃப்ரீபிஎஸ்டியின் 4.2.1 கதை நமக்குத் தனியாக நடக்கும். திருத்தங்களை ஜிசிசி, எல்எல்விஎம் மூலத்துக்கே அனுப்பி ஏற்கச் செய்வது மெதுவான வேலை. விளம்பரம் கிடைக்காத வேலை. அதைச் செய்யத் தெரிந்தவர்கள் நம்மிடம் இல்லாமல் இல்லை. மும்பை ஐஐடியில் உதய் கேத்கர் நடத்திய ஜிசிசி வள மையம், ஒன்றிய அரசின் உதவியோடு 2007 முதல் அந்தக் கம்பைலரின் உட்புறத்தை ஆண்டுக்கணக்கில் கற்பித்தது. எல்எல்விஎம் இலினாய் பல்கலைக்கழகத்தில் தொடங்கியபோது கிறிஸ் லாட்னரோடு இருந்த விக்ரம் ஆட்வே மும்பை ஐஐடியில் படித்தவர். சில்லு வார்க்கக் கோடிகளில் ஒதுக்கும் திட்டங்களில், ஆண்டுதோறும் கம்பைலரின் புதிய பதிப்பை எடுத்து அந்தச் சில்லில் கட்டி ஓட்டிப் பார்க்க இரண்டு மூன்று நிரந்தரப் பணியிடங்கள் எழுதப்பட வேண்டும். டெபியன் 2025 ஆகஸ்டில் வெளியிட்ட 13ஆம் பதிப்பில் ரிஸ்க்-வி முதல்முறையாக அதிகாரபூர்வக் கட்டமைப்பாகியிருக்கிறது. பாஸ் லினக்ஸின் அடித்தளம் டெபியன்தான். நம் சில்லில் நம் இயங்குதளம் ஓட இப்போது வழி திறந்திருக்கிறது. அடுத்த கம்பைலர் மாற்றம் டெபியனில் வரும்போது, அது சக்தியிலும் வேகாவிலும் கட்டப்படுகிறதா என்று அன்றே பார்த்துச் சொல்லும் பொறுப்பு எந்த நிறுவனத்துடையது என்பதை சிடாக்கும் ஐஐடியும் டிர்-வி திட்டத்தாரும் அதற்குள் தங்களுக்குள் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.